கடை வண்டிக்கும் ஓர் அளவு உண்டு



வரி பற்றியும் விலைவாசி பற்றியும் உரிமம் பற்றியும் நம் இதழில் பலரும் எழுதி வருகிறார்கள். இந்த முறை நம் கடை வாசலில் நிற்கும் இரு சக்கர வண்டியைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். தராசுக்கு அடுத்தபடியாக நம் தொழிலைத் தாங்குவது அந்த வண்டிதான். தராசுக்குக் காலம் தவறாமல் முத்திரை போடுகிறோம். கால் கிலோ வித்தியாசம் வந்தால் அன்றே ஆளை வரவழைத்துச் சரி பார்க்கிறோம். வண்டிக்கோ ஆயுத பூஜையன்று சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

வெளியூர்க்காரர்களுக்குப் பொட்டிபுரம் என்றால் நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தால் பத்திரிகைகளில் அடிபட்ட ஊர். போடியில் மொத்த வியாபாரம் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கோ அது வேறு. பொட்டிபுரம், ராசிங்கபுரம், சிலமலை, தேவாரம் என்று மலையடிவாரத்து ஊர்களிலிருந்து காலையில் வந்து சரக்கு எடுத்துப்போகும் சில்லறைக் கடைக்காரர்கள்தான் எங்களுக்கு அந்த ஊர்கள். அவர்களில் பெரும்பாலோர் வருவது மொபெட்டில். வரும்போது காலியாக வந்து, போகும்போது ஓட்டுகிறவரின் முதுகுகூடத் தெரியாத அளவுக்குச் சரக்கோடு போகிறார்கள். அந்தச் சரக்கை ஏற்றிக் கயிறு கட்டி அனுப்புவது நாமும் நம் கடை ஆட்களும்தான். ஆகவே இந்தக் கட்டுரையை மொத்த வியாபாரிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாட்டு வண்டி போய் மொபெட் வந்தது

1970-களின் கடைசியில் நான் கடைக்கு வந்தபோது கிராமத்துக்குச் சரக்கு போனது மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும்தான். மோட்டார் சைக்கிள் என்பது தோட்ட முதலாளிகளின் வாகனம். 1955-ல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட்டில் அவர்கள் மலை ஏறிப் போவதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். ராஜ்தூத்தும் மைசூர் ஜாவாவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடின. சில்லறைக் கடைக்காரருக்கு இவையெல்லாம் எட்டாத விலை.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த பிறகு நிலைமை மாறியது. 1911-ல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குடும்பத் தொழிலின் வழிவந்த கம்பெனி தயாரித்ததால், நம் பக்கத்து மக்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு நம்பிக்கை இருந்தது. கியர் கிடையாது, பழகுவது சுலபம், கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மூட்டை வைக்க இடம் உண்டு. பிறகு எக்ஸ்.எல்., எக்ஸ்.எல். சூப்பர் என்று வந்து, 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. பால்காரர், மீன்காரர், காய்கறிக்காரர், மளிகைக்காரர் என்று சிறு வியாபாரிகள் பலருக்கும் இதுவே வண்டி. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய வண்டி இது. நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

என் கடையில் நடந்தது

ஊருக்குச் சொல்லும் முன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2010-ம் ஆண்டு ஐப்பசி மாதம். எங்கள் கடையில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பையனைக் கடை வண்டியில் மலைக்கு வசூலுக்கு அனுப்பினேன். பாக்கி வைத்திருந்த ஒரு கடைக்காரர் ரொக்கத்துக்குப் பதிலாக ஏலக்காய் ஒரு மூட்டையும் மிளகு இரண்டு மூட்டையும் தருவதாகச் சொன்னார். "வண்டியிலேயே கொண்டு வந்துவிடு, ஜீப் வாடகை எதற்கு?" என்று போனில் சொன்னது நான்தான்.

அந்த வண்டியில் பின்னால் நீளமான கேரியர் ஒன்று இருந்தது. அதிகச் சரக்கு கொள்ளட்டும் என்று ஆங்கிள் இரும்பு வாங்கிக் கொடுத்து வெல்டிங் பட்டறையில் நானே செய்ய வைத்தது. பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார். "தீபாவளி வியாபாரம் முடியட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டதும் நான்தான்.

போடிமெட்டு சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். தூறலும் மூடுபனியும் வேறு. பாதி தூரம் இறங்கியதும் பின் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கியது. சரக்கெல்லாம் பின்னால் தொங்கியதால் முன் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பே இல்லை. வளைவில் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது.

பின்னால் வந்த ஜீப்காரர் போன் செய்து சொன்னார். அப்போது நான் முதலில் கேட்ட கேள்வியை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. "மூட்டை பத்திரமா இருக்கா?" என்று கேட்டேன். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனுக்கு உள்ளே கம்பி வைத்தார்கள். எட்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. செலவை நான்தான் பார்த்தேன்; அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. "விடுங்க முதலாளி, என் நேரம்" என்று அவன் என்னைத் தேற்றினான். அவன் நேரம் அல்ல, என் கஞ்சத்தனம் என்பது எனக்குத் தெரியும். நான் மிச்சம் பிடித்தது ஒரு ஜோடி பிரேக் ஷூவின் விலையும் ஜீப் வாடகையும். அன்றைக்கு அந்த ஷூவின் விலை கால் கிலோ நல்ல ஏலக்காய்க்குக்கூடக் காணாது.

சுமை எங்கே உட்காருகிறது?

அதன் பிறகுதான் வண்டியைப் பற்றி நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பாடம் சுமையைப் பற்றியது. எத்தனை கிலோ என்பது பாதிக் கேள்விதான். அது எங்கே உட்காருகிறது என்பது மறுபாதி. பின் அச்சுக்கு முன்னால், கீழே, நடுவாக வைத்த ஐம்பது கிலோவை வண்டி தாங்கும். அதே ஐம்பது கிலோவை அச்சுக்குப் பின்னால் உயரத்தில் வைத்தால் ஏற்ற மரம் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். கைப்பிடி லேசாகிவிடும், நேர் சாலையிலும் தலை ஆடும். ஆகவே கனமானது கீழேயும் முன்னாலும், லேசானது மேலேயும் பின்னாலும் இருக்க வேண்டும். பிஸ்கட் பெட்டி மேலே போகலாம். எண்ணெய் டின் போகக்கூடாது. இடது பக்கம் ஒரு பை தொங்கினால் வலது பக்கமும் அதே எடையில் ஒன்று தொங்க வேண்டும். தராசு பிடிக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது மொத்த எடை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பங்கள் புறப்பட்டன அல்லவா? அப்படி இரண்டு சிப்பம் 52 கிலோ, எண்ணெய் டின் ஒன்று 15 கிலோ, பருப்பு 30 கிலோ, சோப்பு, தீப்பெட்டி வகையறா என்று போனால் சுலபமாக நூறு கிலோ ஆகிவிடும். ஓட்டுகிறவர் எழுபது கிலோ. ஆக 170. வண்டியோடு தரும் கையேட்டில் எவ்வளவு சுமை தாங்கும் என்று போட்டிருக்கும். அதை ஓட்டுகிறவரின் எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அந்தக் கையேட்டைப் பிரித்திருக்கிறோம்?

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். நாம் ஏற்றுவது சர்க்கரை மூட்டை.

மலை இறக்கம்

இரண்டாவது பாடம் இறக்கத்தைப் பற்றியது. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய விதி. புல்லட்டோ மற்ற மோட்டார் சைக்கிளோ ஆனால் இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மொபெட்டில் கியர் இல்லை. அதன் கிளட்ச் எஞ்சின் வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடித்துத் தானாக விடும் வகை. அதனால் இறக்கத்தில் எஞ்சின் தரும் பிடி மிகக் குறைவு. சுமை முழுவதும் இரண்டு சின்ன பிரேக் டிரம்மின் தலையில் விழுகிறது.

என்ஜினியரிங் படிக்கும் என் பேரன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தியைச் சூடாக மாற்றினால் ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமாம். ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொண்டாலும், மீதி பிரேக் ஷூவுக்குத்தான். சூடேறிய ஷூ டிரம்மைப் பிடிக்காது. எவ்வளவு அழுத்தினாலும் கைதான் வலிக்கும்.

இதற்கு வழி எளியது. பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே இறங்கக்கூடாது. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நாலைந்து வளைவுக்கு ஒரு முறை அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஐந்து நிமிடம் ஆற விட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வரும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். சரக்கோடு மலை இறங்குவதானால் ஜீப்பிலோ சிறு லாரியிலோ போட்டுவிடுவதே உத்தமம்.

வண்டி நோட்டு

பராமரிப்பு என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். கடையில் பற்று நோட்டு இருப்பது போல வண்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். ஆயில் மாற்றிய தேதி, பிரேக் ஷூ மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், செலவு ஆகியவற்றை எழுதி வந்தால் போதும். என் நோட்டைப் பார்த்தபோது ஓர் உண்மை புரிந்தது. சுமை அதிகம் ஏற்றிய வருடங்களில்தான் சக்கரக் கம்பியும் ஷாக் அப்சார்பரும் செயினும் அடிக்கடி போயிருக்கின்றன. ஒரு நடையை மிச்சம் பிடித்த காசு பட்டறைக்குப் போயிருக்கிறது.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினோம். வேறு எஞ்சின் ஆயில் பற்றிய சிந்தனையே இல்லை. எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலில் ஆயில் கலக்கக்கூடாது. எஞ்சினில் தனியாக ஆயில் இருக்கிறது. அதன் அளவைப் பார்த்து, கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். பழைய பழக்கத்தில் இதை மறந்து எஞ்சின் 'சீஸ்' ஆகி நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

சனிக்கிழமை கடை கட்டுமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு டயரிலும் காற்று, பிரேக் கேபிளில் பிசிறு, செயின் தொய்வு, சக்கரக் கம்பிகளில் தளர்வு, முன் விளக்கு, பின் விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். பின்னால் சரக்கு தொங்கினால் பின் விளக்கை மறைக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டில் லாரிக்காரருக்கு உங்களைக் காட்டுவது அந்த ஒரு விளக்குதான்.

மாற்றி அமைப்பதில் கவனம்

கேரியர் பொருத்துவது, கூடை மாட்டுவது, பை தொங்கவிடக் கொக்கி வைப்பது எல்லாம் தொழிலுக்குத் தேவை. இவற்றை நான் எதிர்க்கவில்லை. வண்டியின் பிரேமை வெட்டி ஒட்டுவதும், அச்சைத் தாண்டி ஓர் அடி இரும்பை நீட்டுவதும் வேறு விஷயம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் குழாய் பலவீனப்படும். விரிசல் பெயின்டுக்கு அடியில் தெரியாது. ஒரு நாள் சுமையோடு முறியும். கேரியரை நட்டு போல்ட்டில் பொருத்தச் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் பதிவு விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி எதையும் செய்யக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். மோட்டார் சைக்கிளில் பெட்டி பொருத்துவதற்கு 2020-ல் மத்திய அரசு அளவு சொல்லியிருக்கிறது: நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500. பின் இருக்கையில் பெட்டி இருந்தால் ஓட்டுகிறவர் மட்டுமே போகலாம். பட்டறைக்குப் போகும்போது இந்த அளவைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

இன்ஷூரன்சில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உரிமையாளர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். நம் வண்டிகளில் பாதி காலமான அப்பா பெயரிலோ, ஊரிலிருக்கும் மைத்துனர் பெயரிலோ ஓடுகின்றன. நாளைக்கு ஒன்று என்றால் ஓட்டிய உங்களுக்கு அந்தக் காப்பீடு உதவாது. கடைப் பையன் ஓட்டினாலும் அப்படியே. பெயரை மாற்றுங்கள், பையன்களுக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள். லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஹெல்மெட்டைப் பற்றி நான் நீட்டவில்லை. 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாய் ஆன பிறகும் நம் ஆட்கள் அதைக் கைப்பிடியில்தான் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

சிறு வியாபாரியின் நியாயம்

பொட்டிபுரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "அண்ணே, ரெண்டு நடை வந்தா பெட்ரோல் செலவு ரெண்டு மடங்கு. காலையில கடையைப் பூட்டிட்டு வர்றேன். மறுபடி ஒரு நடைன்னா அந்த நேரத்து வியாபாரம் போச்சு. அரிசியில கிலோவுக்கு என்ன நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் கடை வாசலுக்கே சரக்கைக் கொண்டுவந்து இறக்கும் இந்தக் காலத்தில், சிறு கடைக்காரர் தன் முதுகையும் வண்டியையும் நம்பித்தான் போட்டியில் நிற்கிறார். அவரிடம் "குறைவாக ஏற்று" என்று புத்தி மட்டும் சொல்லிவிட்டு நாம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டால் அது நியாயம் ஆகாது. அவர் ஏற்றும் மூட்டைக்கு லாபம் வாங்குகிறவர்கள் நாம்.

ஆகவே மூன்று யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, மொத்த வியாபாரிகள் நமக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் வருபவருக்கு அளவுக்கு மேல் ஏற்றிக் கட்டி அனுப்புவதில்லை என்று எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒரு கடை மறுத்து இன்னொரு கடை ஏற்றிவிட்டால் பயனில்லை.

இரண்டு, மீதிச் சரக்கை அனுப்ப, ஒரே தடத்திலுள்ள ஊர்களுக்கு வாரம் இரு நாள் ஒரு சிறு சரக்கு வாகனத்தைக் கூட்டாக வாடகைக்கு அமர்த்தலாம். சிலமலையில் நாலு கடை, ராசிங்கபுரத்தில் நாலு கடை, பொட்டிபுரத்தில் நாலு கடை என்று இறக்கிக்கொண்டே போனால் ஒரு கடைக்கு விழும் வாடகை சொற்பம். அதில் ஒரு பங்கை மொத்த வியாபாரிகள் ஏற்கலாம். அதனால் நாம் ஏழையாகிவிட மாட்டோம்.

மூன்று, மே 5 வணிகர் தினத்தன்று மாநாட்டுக்குப் போகும் முன், அந்தந்த ஊர் சங்க வாசலில் இரண்டு மெக்கானிக்குகளை உட்கார வைத்து, உறுப்பினர் வண்டிகளுக்கு பிரேக், கேபிள், விளக்கு மூன்றையும் இலவசமாகப் பார்த்துத் தரலாம். ஆயுத பூஜைக்கு முன் இன்னொரு முறை செய்யலாம்.

அந்தப் பையன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். மழைக்காலம் வந்தால் கால் வலிக்கிறது என்பான். என் கடைக்குத்தான் சரக்கு எடுக்க வருகிறான். மூன்றாவது சிப்பத்தைத் தூக்கி வைக்கப் போனால், "போதும் முதலாளி, மீதியை நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்கிறான். அவனுக்கு அந்த அளவு தெரிய ஒரு கால் போதவில்லை என்றால் வேறு என்ன வேண்டும்? நமக்குத் தெரிய இந்தக் கட்டுரை போதும் என்று நம்புகிறேன். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.